ஓட்டோ லீக்டியின் பெயர்

தெரேஸ் கிப்ஃபர் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதி முடிக்க ஒன்பது வருஷம் ஆயிற்று. பெர்ன் பல்கலைக்கழகத்தில் அவளோடு பதிவு செய்தவர்கள் நாலைந்து வருஷத்தில் முடித்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்கள். அவளுக்கு ஒபர்கிராபன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. வாரத்தில் ஐந்தரை நாள் பிள்ளைகளோடு போய்விடும். கோடை விடுமுறையில் மற்ற டீச்சர்கள் இத்தாலிக் கடற்கரைக்குக் கிளம்பும்போது இவள் ஏதாவது ஓர் ஊராட்சி அலுவலகத்தின் நிலவறையில் உட்கார்ந்து பழைய நடவடிக்கைப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருப்பாள். கல்யாணப் பேச்சு ஒன்று வந்தது. அந்த மனிதர் இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பண்ணைக்கு விட்ட பிள்ளைகளைப் பற்றித்தான் அவள் ஆய்வு. தாய் தகப்பன் இல்லாதவை, கல்யாணமாகாத பெண்ணுக்குப் பிறந்தவை, குடிகாரன் வீட்டுப் பிள்ளைகள் எல்லாவற்றையும் ஊராட்சி எடுத்துக்கொண்டுபோய், குறைந்த செலவில் வைத்துக்கொள்ள யார் சம்மதிக்கிறாரோ அந்தப் பண்ணைக்காரரிடம் விட்டுவிடும். பிள்ளை அங்கே உழைத்துச் சாப்பிட்டு வளரும். எமென்டால் மலைச்சரிவுகளில் இப்படி ஒரு பிள்ளை இல்லாத பெரிய பண்ணையே கிடையாது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தேவாலயத்திலிருந்து சாராயக்கடை வரைக்கும் எங்கும் யாரும் பேசாத விஷயமும் அதுதான்.

அப்படி வளர்ந்து, இன்னும் உயிரோடிருந்த நாற்பத்து மூன்று பேரை அவள் தேடிப் பிடித்தாள். சிலர் கதவைச் சாத்தினார்கள். சிலர் பத்து நிமிஷம் பேசிவிட்டு, போதும் என்றார்கள். பதினேழாவதாகக் கிடைத்தவர் ஓட்டோ லீக்டி.

அவர் ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரயிலில் போகிற தூரத்தில் இன்னோர் ஊரில், ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தார். இடது காலை இழுத்து இழுத்து நடப்பார். பன்னிரண்டு வயதில் மரக்கட்டை ஒன்று பாதத்தில் உருண்டது. டாக்டரைக் கூப்பிடவில்லை, எலும்பு தன் போக்கில் கூடிக்கொண்டது. ஐந்து வயதில் ஹின்டர்லேன் பண்ணைக்கு வந்தவர், பதினாறில்தான் அங்கிருந்து வெளியேறினார். பண்ணை ஷ்டெட்லர் குடும்பத்துடையது. தொழுவத்துக்கு மேலே வைக்கோல் பரணில் படுக்கை. வீட்டார் சாப்பிட்டு எழுந்த பிறகு சாப்பாடு. இதையெல்லாம் அவர் ரயில் நேரம் சொல்கிறவர் மாதிரி சொல்லிக்கொண்டு போனார். ஒலிநாடா ஓடிக்கொண்டிருந்தது. அவர் குரல் மாறியது ஒரே இடத்தில்தான்.

"அடிச்சதெல்லாம்கூட மறந்துரும்மா. பதினொரு வருஷம் அந்த வீட்டுல யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடல. 'டேய்'தான். நாய்க்குப் பேர் இருந்துச்சு, பெரி. பதினொரு பசுவுக்கும் பேர் இருந்துச்சு. சொல்லட்டுமா?"

பதினொன்றையும் சொன்னார். பிறகு, வளர்ந்த பிள்ளைகளைச் சபையில் முழு அங்கத்தினராகச் சேர்க்கும் திடப்படுத்தல் ஆராதனையைப் பற்றிச் சொன்னார்.

"பதினாறு வயசு. கோயில் நிறைய ஜனம். போதகர் ஒவ்வொருத்தனாப் பேர் சொல்லிக் கூப்பிடுறார். 'ஓட்டோ லீக்டி'ங்கிறார். யாரும் எந்திரிக்கல. யார்ரா அதுன்னு நானும் திரும்பிப் பாக்குறேன். ஓட்டோன்னு அம்மா கூப்பிட்டது லேசா ஞாபகம் இருந்துச்சு. லீக்டிங்கிறது யாருன்னே தெரியாது. பள்ளிக்கூடத்துலயும் ஹின்டர்லேன் பையன்னுதான் சொல்வாங்க. போதகர் ரெண்டாந்தரம் கூப்பிட்டார். பக்கத்துல இருந்தவன் முழங்கையால இடிச்சான். அப்பத்தான் தெரிஞ்சுது, அது நான்தான்னு."

தெரேஸ் அன்று வீடு திரும்பியதும் அந்த இடத்தை மூன்று முறை போட்டுக் கேட்டாள். நாற்பத்து மூன்று பேரில் அவள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தது ஓட்டோவை மட்டும்தான். போகும்போது பேக்கரியிலிருந்து வெண்ணெய் ரொட்டி வாங்கிப் போவாள். அவர் காப்பி போடுவார். கொஞ்ச நாளில் அவளை 'நீ' என்று கூப்பிடத் தொடங்கினார், கிண்டலாக 'டாக்டரம்மா' என்றும்.

ஆய்வேடு அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். பல்கலைக்கழக விதிப்படி பேசியவர்களின் பெயரை மறைக்க வேண்டும். ஆண்களுக்கு எம், பெண்களுக்கு எஃப், பக்கத்தில் ஓர் எண். வாய்மொழித் தேர்வு முடிந்த அடுத்த வாரம் ஒரு பிரதியை ஓட்டோவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். கையில் தூக்கி எடை பார்ப்பது போலப் பார்த்தார். இதில் நான் எங்கே என்று கேட்டார். அவள் பக்கத்தை எடுத்துக் காட்டினாள்.

"எம் பதினேழு," என்று படித்துவிட்டுச் சிரித்தார். "பண்ணையில 'டேய்'. ஊராட்சியில கோப்பு நம்பர். உன்கிட்ட எம் பதினேழு. முன்னேற்றந்தான், டாக்டரம்மா."

சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் அவளுக்கு முகம் சூடாகிவிட்டது.

பட்டம் கைக்கு வர வேண்டுமானால் ஆய்வேடு அச்சாக வேண்டும். அது விதி. பெரும்பாலோர் நகல் கடையில் நூற்றைம்பது பிரதி போட்டு, நூலகத்துக்கு அனுப்பிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வார்கள். தெரேஸும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அவள் மனசை மாற்றியது ஓட்டோ. கடை ஜன்னலில் வைக்கிற மாதிரி, சாதாரண ஜனம் வாங்கிப் படிக்கிற மாதிரி போடு என்றார். ஷ்டெட்லர் கிழவரின் பேரைப் போட வேண்டும் என்று தனக்கு ஆசையில்லை, அவர் செத்துப்போய் மண்ணாகிவிட்டார் என்றார்.

"என் பேர் மட்டும் போடு. முழுப் பேர். ஓட்டோ லீக்டி. அச்சுல ஒருதரம் பாத்துட்டாப் போதும்."

"போடுறேன் ஓட்டோ. கண்டிப்பாப் போடுறேன்," என்றாள் தெரேஸ். அவர் கையை நீட்டினார். பிடித்துக் குலுக்கினாள். அவர்கள் ஊர்ப்பக்கத்தில் மாடு வாங்குவதும் நிலம் விற்பதும் அப்படிக் கை கொடுத்துத்தான்.

சூரிச்சில் ஒரு நடுத்தரப் பதிப்பகம் அவளைக் கூப்பிட்டது. பதிப்பாசிரியர் மார்க்ரிட் ஹோட்ஸ் ஐம்பது வயதுப் பெண்மணி. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டே பேசுகிறவர். ஆய்வேட்டின் முதல் தொண்ணூறு பக்கங்களை, இதற்கு முன் எந்த அறிஞர் என்ன சொன்னார் என்ற அத்தியாயத்தை, அப்படியே கிள்ளி எடுத்து மேசையின் மறுபக்கம் வைத்தார்.

"இது உங்க பேராசிரியருக்குப் போட்ட கும்பிடு. அவரும் ஏத்துக்கிட்டார். இனிமே தேவையில்லை."

அட்டவணைகள் போயின. ஆயிரத்து முந்நூறு அடிக்குறிப்புகள் அறுபதாயின. நாற்பத்து மூன்று பேர் ஐந்து பேரானார்கள். 'மேற்கண்ட தரவுகளிலிருந்து' என்று தொடங்கும் ஒவ்வொரு வாக்கியத்தின் மேலும் ஹோட்ஸ் ஒரு கோடு கிழித்தார். "பையன் என்ன சாப்பிட்டான்? அதைச் சொல்லுங்க," என்று ஓரத்தில் எழுதினார். தெரேஸுக்கு முதலில் தோலை உரிப்பது போல இருந்தது. ஒன்றரை வருஷம் அந்த வேலை நடந்தது. போகப்போக அவளுக்கே தெரிந்தது, தனக்கு எழுத வருகிறது என்று. ஒன்பது வருஷம் எழுதியும் தெரியாமலிருந்த விஷயம் அது. ஓட்டோவின் கதை முதல் அத்தியாயமாயிற்று. போதகர் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடத்தை அவள் பதினாலு முறை திருத்தி எழுதினாள். ஹோட்ஸ் அந்தப் பக்கங்களில் ஒரு பென்சில் கோடுகூடப் போடாமல் திருப்பி அனுப்பினார்.

பேராசிரியர் மட்டும் முகம் சுளித்தார். இது பத்திரிகைக்காரர்கள் செய்கிற வேலை என்றார். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தச் சமயத்தில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் வரலாறு சொல்லித்தரும் பதவி ஒன்று காலியாக இருந்தது. புத்தகம் வெளிவந்தால் அது அவளுக்குத்தான் என்று பேச்சு அடிபட்டது.

திருத்திப் பார்க்க அச்சு மெய்ப்பு வந்த மாதம் பதிப்பகம் வழக்கப்படி சம்பந்தப்பட்ட குடும்பங்களுக்குக் கடிதம் அனுப்பியது. நாலு குடும்பங்கள் பதிலே போடவில்லை. ஐந்தாவது ஹின்டர்லேன். அங்கே இப்போது இருந்தது கிழவரின் மகன் பால் ஷ்டெட்லர். ஓட்டோவைவிடச் சின்னவர், ஓட்டோ தொழுவத்தில் கிடந்தபோது தொட்டிலில் கிடந்தவர். ஒபர்கிராபன் ஊராட்சித் தலைவர். பள்ளிக்கூடக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். அவர் வக்கீலிடமிருந்து ஒன்றரைப் பக்கக் கடிதம் வந்தது. காலமான தந்தையையோ, குடும்பத்தையோ, பண்ணையையோ அடையாளம் காட்டும் எந்தச் சொல் அச்சானாலும் புத்தகத்தை விற்பனையிலிருந்து நிறுத்துவோம் என்று எழுதியிருந்தது.

தெரேஸ் சூரிச்சுக்கு ஓடினாள். பண்ணைப் பெயரை எடுத்துவிடலாம், ஷ்டெட்லர் பெயர் ஏற்கனவே இல்லை, பிறகென்ன என்று கேட்டாள்.

"லீக்டிங்கிற பேர் இருக்குல்ல?" என்றார் ஹோட்ஸ். "அந்த ஆள் எந்தப் பண்ணையில வளர்ந்தார்னு ஊர்ல யாருக்காவது தெரியாதா?"

எல்லோருக்கும் தெரியும்.

"அப்ப அவர் பேரைப் போட்டா பண்ணையைக் கையால காட்டுன மாதிரிதான். ஆய்வேட்டை ஆறு பேர் படிச்சாங்க, யாரும் சண்டைக்கு வரல. இது கடைக்குப் போற சரக்கு, தெரேஸ்."

மூன்று வாரம் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. கை கொடுத்திருக்கிறேன் என்றாள். அப்படியானால் புத்தகத்தை நிறுத்திவிடலாம், புது வெளியீடுகளின் அறிவிப்புப் பட்டியல் ஏற்கனவே கடைகளுக்குப் போய்விட்டது, பரவாயில்லை என்று ஹோட்ஸ் அமைதியாகச் சொன்னார். அந்த அமைதியில்தான் தெரேஸ் விழுந்தாள். பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பிக்க இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. பள்ளிக்கூடத்து வராந்தாவில் பால் ஷ்டெட்லர் எதிரே வந்து, தொப்பியைத் தொட்டு, எப்போதும்போல வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அவள் திருத்தத்தில் கையெழுத்துப் போட்டாள்.

புதுப் பெயரைத் தேர்ந்தெடுத்தது ஹோட்ஸ். யாக்கோப் மோசர். மோசர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், எவனும் வழக்குக்கு வரமாட்டான் என்றார். பண்ணை அடுத்த பள்ளத்தாக்குக்கு நகர்ந்தது. நசுங்கிய கால், நசுங்கிய கையாயிற்று. பசுக்கள் ஏழாயின. போதகர் கோயிலில் எழுந்து நின்று, 'யாக்கோப் மோசர்' என்று கூப்பிட்டார். பையன் யார் அது என்று திரும்பிப் பார்த்தான்.

ஓட்டோவிடம் அவள் சொல்லவில்லை. இந்தச் சனிக்கிழமை சொல்லலாம், அடுத்த சனிக்கிழமை சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். இலவசப் பிரதி அனுப்ப வேண்டியவர்களின் பட்டியலை அவள் வசந்த காலத்திலேயே கொடுத்திருந்தாள். அதில் முதல் பெயர் ஓட்டோ லீக்டி. பதிப்பகம் பட்டியலைப் பார்த்தது, தபாலில் போட்டுவிட்டது.

அவர் கூப்பிடவில்லை. ஒரு வாரம் கழித்து அவளே போனாள். மேசையில் புத்தகம் இருந்தது. வரி தவறாமல் படிக்க அவர் வைத்துக்கொள்ளும் மர அளவுகோல் அதற்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. காப்பி போட்டு அவள் முன்னால் வைத்தார்.

"யாரு இந்த யாக்கோப்?" என்று கேட்டார். "பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கான். கையே போயிருச்சு. எனக்குக் கால் மட்டுந்தான்."

அவள் விளக்கினாள். வக்கீல் கடிதம், பண்ணை, ஊர், சட்டம் என்று சொல்லிக்கொண்டே போனாள். தன் குரல் வகுப்பில் பேசுகிற குரல் மாதிரி இருப்பது அவளுக்கே கேட்டது.

"அவங்க பேர் எனக்கு வேண்டாம்னுதானே சொன்னேன்," என்றார் கடைசியில். "இப்பப் பாத்தா என் பேரும் அவங்க சொத்தாப் போச்சு."

"சொல்லியிருக்கணும் ஓட்டோ. தப்பு என்னோடதுதான். எனக்கு வேற வழி தெரியல."

"ஏமாத்திட்டேன்னு நான் சொல்லல. பயந்துட்ட. ஷ்டெட்லர் வீட்டுக்குப் பயந்தவங்க வரிசை ஒண்ணு இருக்கு, டாக்டரம்மா. வாத்தியார் அதுல நின்னார். போதகர் நின்னார். கால் ஒடஞ்சப்போ வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போன ஊராட்சிக் குமாஸ்தா நின்னான். எடம் இருக்கு, நீயும் நில்லு."

வெண்ணெய் ரொட்டியை அவர் தொடவில்லை. அவள் கிளம்பும்போது அதை எடுத்துப் பையில் திருப்பி வைத்துக் கொடுத்தார்.

புத்தகம் நன்றாகப் போயிற்று. பயிற்சிப் பள்ளிப் பதவி அவளுக்குக் கிடைத்தது. பெர்னில் ஒரு புத்தகக் கடை வாசிப்புக் கூட்டம் வைத்தது. நாற்காலி போதாமல் படியில் உட்கார்ந்தார்கள். அவள் முதல் அத்தியாயத்தைப் படித்தாள். கோயில் காட்சி வந்தபோது முன்வரிசையில் ஒரு பெண் கைக்குட்டையை எடுத்தாள். முடிந்ததும் ஓர் இளைஞன் எழுந்து, யாக்கோப் உயிரோடு இருக்கிறாரா, அவர் ஏன் தன் சொந்தப் பெயரில் வெளியே வரவில்லை என்று கேட்டான்.

உண்மையைச் சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. தண்ணீர் எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"அவர் அப்படித்தான் விரும்பினார்," என்றாள்.

இரண்டு நாள் கழித்துப் பத்திரிகையில், தன்னிடம் பேசியவர்களின் விருப்பத்தை மதித்து அவர்கள் பெயரைக் காக்கும் நுண்ணுணர்வுள்ள ஆசிரியர் என்று அவளைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஓட்டோ அந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறவர். ரயில்வேக் காலத்திலிருந்தே காலைக் காப்பியோடு அதைப் படிக்கிறவர். தெரேஸ் கடிதம் எழுதினாள், பதில் இல்லை. தொலைபேசியில் கூப்பிட்டாள், அவள் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார்.

குளிர்காலம் முடியும் சமயம் ஓட்டோ இருந்த ஊரின் நூலகத்திலிருந்து அவளுக்குத் தொலைபேசி வந்தது. பேசிய பெண்ணுக்குச் சங்கடமாக இருந்தது. யாரோ ஒருவர் வாசிப்பறையிலேயே உட்கார்ந்து உங்கள் புத்தகத்தைக் கெடுத்து வைத்திருக்கிறார் என்றாள். முதல் அத்தியாயத்தில் யாக்கோப் மோசர் என்று வரும் இடத்தையெல்லாம் நீல மையில் அளவுகோல் வைத்து அடித்து, மேலே வேறொரு பெயரை எழுதியிருக்கிறார். கை என்று இருந்ததைக் கால் என்று திருத்தியிருக்கிறார். ஏழு பசு பதினொன்றாகியிருக்கிறது, பதினொன்றுக்கும் பெயர்கள் ஓரத்தில் வரிசையாக இருக்கின்றன.

"கையெழுத்து அழகா இருக்கு, அதான் வேடிக்கை," என்றாள் அந்தப் பெண். "யார்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

தெரியாது என்றாள் தெரேஸ். சொன்ன வேகம் அவளையே திடுக்கிட வைத்தது. புதுப் பிரதி ஒன்றைத் தானே கொண்டுவந்து தருவதாகச் சொல்லிவிட்டு வைத்தாள்.

வேலை இருந்தது, பத்து நாள் ஆகிவிட்டது. போகும் வழியில் ரயிலில் அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அந்தப் பழைய பிரதியை வாங்கிக்கொள்ள வேண்டும், சூரிச்சுக்கு எடுத்துப்போய் ஹோட்ஸ் மேசையில் வைக்க வேண்டும். நூலகத்துப் பெண் புதுப் பிரதியை வாங்கி, நன்றி சொல்லி, முத்திரை குத்தினாள். பழையது எங்கே என்று தெரேஸ் கேட்டாள்.

"அதுவா? பழைய பேப்பர் வண்டி செவ்வாய்க்கிழமை வந்துச்சு மேடம், போட்டுட்டோம். உங்களுக்கு வேணும்னு தெரியாதே." பிறகு, நூலாசிரியரே வந்திருக்கிறீர்கள், உள்ளே ஒரு கையெழுத்துப் போட்டுத் தந்தால் வாசகர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று பேனாவை நீட்டினாள். தெரேஸ் போட்டுக் கொடுத்தாள்.

ஸ்டேஷனுக்குப் பின்னாலிருந்த வீடு அங்கிருந்து ஐந்து நிமிஷ நடை. அவள் அந்தப் பக்கம் போகவில்லை. நாலரை மணி ரயிலைப் பிடித்தாள்.

ஓட்டோ லீக்டி மூன்று வருஷம் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்தார். தெரேஸுக்குச் செய்தி அடக்கத்துக்குப் பிறகுதான் எட்டியது. அதற்குள் புத்தகம் இரண்டாம் பதிப்புக்கு வந்திருந்தது. இனியாவது அவர் பெயரைப் போடலாமா என்று ஹோட்ஸுக்கு எழுதிக் கேட்டாள். ஷ்டெட்லர் உயிரோடு இருக்கும்வரை வக்கீல் கடிதமும் உயிரோடுதான் இருக்கிறது, தவிர வாசகர்கள் யாக்கோபோடு பழகிவிட்டார்கள் என்று பதில் வந்தது. பால் ஷ்டெட்லருக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் மலையேறிக்கொண்டிருந்தார்.

தெரேஸ் இரண்டாம் முறை எழுதவில்லை.